சனிக்கிழமை காலையில் வீட்டில் இருந்துவிடாதீர்கள்
பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கடல் கடந்து போகும் காஞ்சிபுரத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தாத்தாமார்களே, பாட்டிமார்களே,

மகனையோ மகளையோ பார்க்க மெல்பேர்னுக்கும் சிட்னிக்கும் டிக்கெட் போட்டுவிட்டுப் பருப்புப்பொடி இடித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், போய்த் திரும்பியவர்களுக்கும், இப்போது அங்கேயே இருந்துகொண்டு ஆளரவம் இல்லாத தெருவை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் பிள்ளையார்பாளையத்துக்காரி. தறிக்காரர் வீட்டில் பிறந்து, அரசுப் பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் குடும்பம் மெல்பேர்னில். அதனால் நானும் உங்களில் ஒருத்திதான்.

குமரகோட்டத்து வாசலில், ராஜாஜி மார்க்கெட்டில், கல்யாணப் பந்தியில் என்று எங்கே பார்த்தாலும் போய்வந்தவர்கள் ஒரே குறையைத்தான் சொல்கிறீர்கள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா சனி ஞாயிறு வந்தாப் போதும், புள்ளைங்களக் கார்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிடுறாங்க. ஒண்ணு பந்து, இல்லன்னா ஓட்டம், அதுவும் இல்லன்னா காடு மேடு. நாங்க ரெண்டு பேரும் சோத்தத் தின்னுட்டு சீரியல் பாத்துக்கிட்டுக் கெடந்தோம்." இதைச் சொல்லும்போது, வயதானவர்களை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டார்கள் என்ற தொனி வந்துவிடுகிறது. கேட்கிறவர்களும் உச்சுக்கொட்டுகிறார்கள்.

நான் உச்சுக்கொட்ட மாட்டேன். அவர்கள் கூப்பிட்டார்கள், நீங்கள் போகவில்லை. குளிர், முட்டிவலி, புடவைக்கு ஷூ போட வெட்கம், அங்கே போய் யாரிடம் பேசுவது என்ற தயக்கம் என்று காரணம் எத்தனை இருந்தாலும், நடந்தது அதுதான்.

வாரநாளில் அந்த வீடு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். காலை ஏழு மணிக்கு டிபன் டப்பா, பள்ளிப் பை, ரயில். சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாடு, எட்டரைக்குப் பிள்ளைகள் படுக்கை. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்டு பார்க்கிற நம் பிள்ளைகளின் பிழைப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை, சம்பளம்தான் வேறு. அக்கம்பக்கத்தார் முகத்தைக்கூடப் பார்க்க முடியாத அந்த ஐந்து நாளும் வேலைக்காக. நாலு மனிதரைப் பார்த்து, பேர் கேட்டு, அந்த ஊர்க்காரர்களாக அவர்கள் வாழ்வது சனி ஞாயிறில்தான். அதுவும் மைதானத்தில். நம் பெண் அங்கே எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள அவள் சமையலறையைப் பார்த்தால் போதாது. சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் புல்வெளி ஓரத்தில் கையில் காபிக் கோப்பையோடு வியட்நாம்காரியிடமும் கிரேக்கக்காரியிடமும் அவள் சிரித்துப் பேசுவதைப் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 95,000 பேருக்கு மேல். நமக்கு முன்னால் ஈழத்துக்காரர்கள் போய்க் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் உண்டாக்கி வைத்துவிட்டார்கள். அதனால் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றால் நம் ஆட்கள் உடனே செருப்பை மாட்டிக்கொள்வார்கள். அதே ஆட்களை மைதானத்துக்குக் கூப்பிட்டால் முகம் மாறுகிறது.

அங்கே லிட்டில் அத்லெடிக்ஸ் என்று ஒன்று உண்டு. 1963ல் ஜீலாங் நகரில் ஒரு தடகளப் போட்டிக்கு மூன்று பையன்கள் ஓட வந்தார்களாம். வயது பத்தாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டிரெவர் பில்லிங்ஹாம் என்பவருக்கு அது மனசு கேட்கவில்லை. அடுத்த வருஷம், 1964ல், சின்னப் பிள்ளைகளுக்கென்றே சனிக்கிழமைக் காலைப் போட்டிகளைத் தொடங்கிவைத்தார். இன்று அது நாடு முழுக்க நடக்கிறது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை, அந்த ஊர் வெயில் காலத்தில், ஐந்து வயதுப் பொடிசுகளிலிருந்து ஓடவும் தாண்டவும் எறியவும் வருகிறார்கள். பிள்ளையை இறக்கிவிட்டுப் பெற்றவர்கள் போய்விட முடியாது. முறை போட்டு வேலை செய்ய வேண்டும். நீளம் தாண்டும் குழியில் மணலை வாரிச் சமன் செய்ய ஒருவர், டேப் பிடிக்க ஒருவர், எழுத ஒருவர், கடிகாரம் பிடிக்க ஒருவர்.

மருமகனுக்கு முதுகுப் பிடிப்பு என்று ஒரு சனிக்கிழமை டேப் என் கைக்கு வந்தது. பிள்ளை குதித்ததும், மணலில் அது விட்ட தடங்களில் பலகைக்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே டேப்பின் முனையை வைக்க வேண்டும். கால் எவ்வளவு தூரம் போயிருந்தாலும் சரி, பின்னால் கையை ஊன்றியிருந்தால் கை ஊன்றிய இடம்தான் கணக்கு. ஒரு சிவப்புத் தலைப் பையன் நன்றாகத் தாண்டிவிட்டு, பின்னால் கையை ஊன்றி அரை அடியைத் தொலைத்தான். அவன் அம்மா என்னைப் பார்த்தாள். கைத்தடத்தில்தான் முனையை வைத்தேன். நெசவாளர் சொசைட்டியில் சேலை அளக்கும்போது விரல்கடை குறைந்தாலும் கூலியில் பிடிப்பார்கள் என்று பார்த்து வளர்ந்த எனக்கு அளவு விஷயத்தில் தாட்சண்யம் வராது. அடுத்த தடவை அவன் கையை முன்னால் வீசிக் குதித்தான். அவன் அம்மா வந்து என் பெயரைக் கேட்டு, இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்து, சரியாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த ஊரில் என் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட முதல் ஆள் அவள்தான். விமான நிலையத்து அதிகாரிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இங்கிலீஷ் வராதே என்று யாரும் சொல்ல வேண்டாம். மணல் வார இங்கிலீஷ் எதற்கு?

இனி நம் பக்கத்துச் சங்கதிக்கு வருகிறேன். இதைப் பேசாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

என் அண்ணன் சிட்னிக்குப் போயிருந்தபோது பேரனைக் கால்பந்துப் பயிற்சிக்கு அனுப்பப் பணம் கட்டுவதைப் பார்த்துவிட்டு, "வெளையாடறதுக்கு ஃபீஸ் வேற கட்டுறியாடா?" என்று கேட்டாராம். மகனுக்குக் கோபம். மருமகளுக்கு அதைவிடக் கோபம். கிழவருக்குக் கஞ்சத்தனம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அது தறிக்குழியிலிருந்து வருகிறது.

கோர்வைச் சேலை நெய்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவீர்கள் என்று நம்பிச் சொல்கிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஊடையிலேயே கோர்த்து நெய்ய மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவரால் மூன்றையும் சமாளிக்க முடியாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட இன்னொரு கை வேண்டும். அந்தக் கை எங்கள் காலத்தில் பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளையின் கை. அப்பாவின் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து, அவர் மிதிக்கும்போது நாடாவை விட்டு, வாங்கி, கோர்த்து, மறுபடி விட வேண்டும். என் அண்ணன் எட்டு வயதில் கரைக்கு உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் போய்வந்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் அங்கேதான். நான் ராட்டையில் தார் சுற்றினேன். சொந்த வீட்டுத் தறி என்பதால் எங்களுக்குப் பள்ளியாவது கிடைத்தது. முதலாளியிடம் அப்பன் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக ஊரான் தறியில் கரைக்கு உட்கார்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். 1986ல் வந்த குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் நெசவையும் பட்டியலில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தாரை வைத்து வீட்டில் நடத்தும் தொழிலுக்கு விலக்கும் கொடுத்தது. வீட்டுக்கு வீடு தறி இருந்த ஊரில் அந்த விலக்கு எவ்வளவு பெரிய வாசல் என்று சொல்லத் தேவையில்லை.

தெருவாவது விளையாடக் கிடைத்ததா என்றால், விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பட்டு இழை. ஆளுக்கொரு பக்கம் நின்று அறுந்த இழையை முடிந்துகொண்டே போவார்கள். அந்த நேரத்தில் பந்தோ கில்லியோ எடுத்துக்கொண்டு ஓடிவந்த பிள்ளைக்கு முதுகில் விழுந்த அடி எனக்கு இன்னும் கேட்கிறது. ஒரு பாவு கெட்டால் ஒரு குடும்பத்தின் மாதக் கூலி போச்சு. அடித்தவரையும் குறை சொல்ல முடியாது.

அப்படி வளர்ந்த நமக்கு, வேலை நேரத்தில் விளையாடுவது திருட்டுக்குச் சமம் என்று உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. பேரன் சனிக்கிழமை காலை முழுக்கப் பந்தை உதைத்துவிட்டு வந்து சோபாவில் மல்லாந்து கிடந்தால் நமக்குக் கை துறுதுறுக்கிறது. ஏதாவது புத்தகத்தை எடுத்து நீட்டத் தோன்றுகிறது. தோன்றட்டும், தப்பில்லை. நீட்டாதீர்கள். நமக்குச் சேர வேண்டியிருந்து வராமல் போன சனிக்கிழமைகள் அவை. இரண்டு தலைமுறை கழித்து அந்தப் பாக்கி வசூலாகிறது. வசூலாகிற நேரத்தில் நாமே அதை வீண்செலவு என்று சொல்வது நியாயமில்லை.

இன்னொரு வாய்ச்சொல்லும் உண்டு. அதைப் பாட்டிமார்களுக்கு மட்டும் சொல்கிறேன். விளையாடிவிட்டு வரும் பேத்தியைப் பார்த்து, "ஐயோ, எப்படிக் கறுத்துப் போச்சு புள்ள" என்று சொல்லாதீர்கள். வீடியோ காலிலும் வேண்டாம், நேரிலும் வேண்டாம், அவள் அம்மாவிடம் தனியாகக்கூட வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பெண் நீச்சலை விட்டதற்குப் பாட்டியின் இந்த ஒரு வாக்கியம் காரணமாக இருந்ததை எங்கள் சொந்தத்திலேயே பார்த்தேன். வெயிலைப் பற்றிக் கவலைப்பட அந்த ஊரில் வேறு நல்ல காரணம் இருக்கிறது. உலகத்திலேயே தோல் புற்றுநோய் மிக அதிகமாக உள்ள நாடுகளில் அது ஒன்று. 1981லேயே சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று ஒரு கடற்பறவைப் பொம்மையைப் பாட வைத்துப் பிரசாரம் தொடங்கியவர்கள் அவர்கள். பள்ளியில் தொப்பி இல்லாத பிள்ளையை வெயிலில் விளையாட விடமாட்டார்கள். நீங்களும் தொப்பி வைத்துக்கொள்ளுங்கள். முக்காடு போதாது. நிறத்துக்காக அல்ல, தோலுக்காக.

அடுத்தது தண்ணீர். இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

நாம் தண்ணீரோடு வளர்ந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சர்வதீர்த்தக் குளமும் அனந்தசரஸும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் அவை தலையில் தெளித்துக்கொள்ளும் தண்ணீர். பாலாறு பெரும்பாலான நாட்களில் மணல். நம் பெண்களில் நீச்சல் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். நமக்குக் கடல் என்றால் மாமல்லபுரத்துக்குப் போய்ப் புடவையைக் கணுக்கால் வரை தூக்கிக் காலை நனைப்பது. அந்தப் பழக்கத்தோடு பசிபிக் கடலுக்கும் தென்சமுத்திரத்துக்கும் முன்னால் போய் நிற்கிறோம்.

2024 ஜனவரி 24 அன்று மெல்பேர்னுக்குத் தெற்கே பிலிப் தீவில், ஃபாரஸ்ட் கேவ்ஸ் என்ற கடற்கரையில், இந்தியக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த நான்கு பேர் ஒரே நாளில் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் நம்மைப் போல விடுமுறைக்கு இந்தியாவிலிருந்து வந்திருந்தவர். அது காவலர்கள் நிற்காத கடற்கரை. 2023-24ல் ஆஸ்திரேலியா முழுவதும் கடல், ஆறு, குளம் எல்லாம் சேர்த்து நீரில் மூழ்கி இறந்தவர்கள் 323 பேர். இறப்பவர்களில் கணிசமானவர்கள் வெளிநாட்டில் பிறந்து அங்கே போனவர்கள் என்று ஆண்டுதோறும் அறிக்கை வருகிறது. அந்தக் கடல் நம் கடலைவிடப் பொல்லாதது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் போக்கு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை.

அலை அடித்துக் கரைக்கு வந்த தண்ணீர் எப்படியும் திரும்பிப் போயாக வேண்டும். கரையில் ஏதாவது ஓர் இடத்தில் அது ஒன்றுகூடி, ஒரு வாய்க்கால் போல, வேகமாக உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும். மோசம் என்னவென்றால், அந்த இடத்தில்தான் அலை குறைவாக இருக்கும். இருபுறமும் வெள்ளை நுரை, நடுவில் கொஞ்சம் கருத்த, அமைதியான தண்ணீர். நம்மவர்கள் சரியாக அங்கேதான் இறங்குவார்கள், குழந்தைக்குப் பாதுகாப்பு என்று. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக்கூடாது. மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். இழுப்பு ஒரு கட்டத்தில் தளர்ந்துவிடும். காவலர் இருக்கும் கடற்கரைகளில் சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடி நட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் இறங்குங்கள். கொடி இல்லாத கரையில் வேடிக்கை பார்த்துவிட்டு வாருங்கள், முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம். நனைந்த ஆறு கஜம் எவ்வளவு கனக்கும் என்று துவைத்த நமக்குத் தெரியும். அவசரம் என்றால் அழைக்க வேண்டிய எண் 000.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கடற்கரைகளில் ஒரே நிறச் சட்டையும் தலைக்குக் குல்லாயுமாக ஐந்தாறு வயதிலிருந்து பிள்ளைகள் மணலில் ஓடி, பலகையைத் தூக்கிக்கொண்டு கடலில் பாய்வதைப் பார்ப்பீர்கள். நிப்பர்ஸ் என்பார்கள். உயிர்காப்புச் சங்கங்கள் அடுத்த தலைமுறைக் காவலர்களை அப்படித்தான் தயார் செய்கின்றன. உங்கள் பேத்தி அதில் சேர வேண்டும் என்று சொன்னால், "பொம்பளப் புள்ளைக்குக் கடல்ல என்ன வேல" என்று முட்டுக்கட்டை போடாதீர்கள். கட்டணத்தை நீங்களே கட்டுங்கள். கடற்கரைக்குப் போனதும், "எங்க எறங்கலாம்?" என்று அவளையே கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையின் சொல்லுக்குத் தாத்தா கட்டுப்படுவதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

நடை விஷயத்துக்கு வருவோம். 2004ல் லண்டன் பக்கம் புஷி பூங்காவில் பதின்மூன்று பேர் சேர்ந்து ஓடியதில் தொடங்கியது பார்க்ரன். இப்போது ஆஸ்திரேலியாவில் ஊருக்கு ஊர் சனிக்கிழமை காலையில் நடக்கிறது. ஐந்து கிலோமீட்டர். கட்டணம் கிடையாது. ஓட வேண்டும் என்றுகூட இல்லை, நடந்தே முடிக்கலாம். கடைசியில் வருவோமே என்ற பயமும் வேண்டாம், எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார். நீங்கள் எவ்வளவு மெதுவாகப் போனாலும் கடைசி ஆள் அவர்தான்.

ஐந்து கிலோமீட்டரா என்று வாயைப் பிளக்காதீர்கள். 2019ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் குளத்துக்கு வெளியே இருந்தாரே, அப்போது வெயிலில், நெரிசலில், மணிக்கணக்காக நின்று நகர்ந்து போனது யார்? 1979ல் பார்த்தேன், இன்னொரு தடவை பார்க்காமல் போகமாட்டேன் என்று மகன் தடுத்தும் கேட்காமல் போன முட்டிகள்தானே இவை? சோளிங்கரில் 2024ல் ரோப் கார் வருவதற்கு முன்பு 1,305 படியையும் ஏறி நரசிம்மரைச் சேவித்துவிட்டு, எதிரே சின்ன மலைக்கும் ஏறியவர்கள்தானே நாம்? மெல்பேர்னுக்குக் கிழக்கே டான்டினாங் மலையில் ஆயிரம் படி என்று ஓர் ஏற்றம் இருக்கிறது. பெயர்தான் ஆயிரம், அத்தனை படி இல்லை. இரண்டாம் உலகப் போரில் கொக்கோடாவில் செத்த சிப்பாய்களின் நினைவாக வழியெங்கும் பலகைகள் வைத்திருக்கிறார்கள். இருபுறமும் ஆள் உயரப் பெரணிகள், குளிர்ந்த காற்று. உச்சியில் சாமி இல்லை என்பது ஒன்றுதான் நமக்குக் குறை. படி ஈரமாக இருக்கும், ரப்பர் செருப்போடு போகாதீர்கள்.

குளிர்காலத்தில் பனி பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். போய்ப் பாருங்கள். ஒரு தடவை போதும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பூங்காக்களில் பொத்தானை அழுத்தினால் சூடாகும் பெரிய இரும்புக் கல் வைத்திருக்கிறார்கள், இலவசம். பக்கத்துக் கல்லில் மாட்டிறைச்சி வாடை வரும், அதற்கு மூக்கைப் பொத்தாதீர்கள், அது அவர்கள் வீட்டுச் சாப்பாடு. நீங்கள் முதல் நாளே கோயில் இட்லி செய்து எடுத்துக்கொள்ளுங்கள். மிளகு, சீரகம், சுக்கு போட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுச் செய்தால் வரதர் கோயில் பிரசாதம் மாதிரியே இரண்டு நாள் தாங்கும். குடலைக்கு எங்கே போவது என்றால் டம்ளரில் ஊற்றி வேக வையுங்கள். அதைத் துண்டு போட்டு அந்த இரும்புக் கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிரட்டிப் பாருங்கள். பேரனோடு பந்து விளையாடும் பிள்ளைகள் வரிசையில் வந்து நிற்பார்கள். பாதி ஆட்டத்தில் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுப் பழத்தை நான்காக வெட்டிக் கொடுப்பது அங்கே வழக்கம், அதற்கும் முறை உண்டு. அந்த முறை உங்கள் வீட்டுக்கு வரும் வாரத்தில் பழம் வெட்டுகிற வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம்.

தமிழ் வகுப்பு என்ன ஆவது என்று சிலர் கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. விளையாட்டுக்காகத் தமிழ்ப் பள்ளியை விடச் சொன்னால் நான் முதலில் சண்டைக்கு வருவேன். விக்டோரியா மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தமிழையே ஒரு பாடமாக எடுத்து எழுதலாம். ஆனால் ஒரு உண்மையைச் சொல்கிறேன். வாத்தியாராக இருந்த வாயால் சொல்கிறேன். பேரன் என்னிடம் தமிழில் பேசியதில் முக்கால்வாசி, மைதானத்துக்குப் போகும் காரில்தான். வீட்டில் அவன் கையில் ஐபேட். காரில் பின் இருக்கையில் நானும் அவனும். அவன் ஆட்டத்தை எனக்கு விளக்க வேண்டும், எனக்கு இங்கிலீஷில் சொன்னால் புரியாது என்று நான் சாதித்துவிட்டேன். முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு கையாலும் காலாலும் ஆடும் அந்த ஊர்க் கால்பந்தின் சட்டதிட்டங்களை ஒரு பிள்ளை தமிழில் விளக்க முயன்றால் எத்தனை வினைச்சொல் வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எந்தப் பாடப் புத்தகமும் அவனை அவ்வளவு பேச வைக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். மைதானத்துக்கு வருவார்கள், வந்ததும் கேட்பார்கள்: "ஃபர்ஸ்ட்டா வந்தான்?" சென்னையில் பிறந்து பத்து வயதில் சிட்னிக்குப் போன நிவேதன் ராதாகிருஷ்ணன், இரண்டு கையாலும் சுழற்பந்து வீசி, 2022ல் ஆஸ்திரேலியாவின் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணியில் உலகக் கோப்பை ஆடினார். நம் பையன் ஒருவன் அந்தத் தொப்பியை அணிந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி எட்டு வயதுப் பிள்ளையை விரட்டாதீர்கள். சென்டம் வாங்கவில்லையா என்று கேட்டு ஒரு தலைமுறையை முடித்தாயிற்று. லிட்டில் அத்லெடிக்ஸில் பிள்ளையின் போன வார அளவுக்கும் இந்த வார அளவுக்கும்தான் போட்டி. எட்டாவதாக வந்த பிள்ளை போன வாரத்தைவிடக் கூடுதலாகத் தாண்டியிருந்தால் அதற்குக் கைதட்டுகிறார்கள். நாமும் கைதட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். ஊரில் அதைக் கற்றுக்கொடுக்க ஆளில்லை.

நம் ஊரில் வெளியில் போகிற வழக்கமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது, ஆனால் நமக்கு அதற்குச் சாமி துணை வேண்டும். வைகாசி கருடசேவை அன்று இருட்டோடு எழுந்து சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து கங்கைகொண்டான் மண்டபம் வரை வரதர் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போகிறோமே, அது என்ன? அவ்வளவு பெரிய கருட வாகனத்தைத் தோளில் சுமந்து, தாளம் தப்பாமல் நடக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளுக்கு நிகரான உடற்கட்டை நான் எந்த மைதானத்திலும் பார்க்கவில்லை. சித்ரா பௌர்ணமிக்கு வரதர் அய்யங்கார்குளத்து நடவாவிக் கிணற்றில் இறங்கிவிட்டுப் பாலாற்று மணலுக்குப் போகிறார். ஊரே பின்னால் போகிறது, நிலா வெளிச்சத்தில் மணலில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. மாட்டுப் பொங்கலன்று பார்வேட்டை. பழையசீவரத்து மலைமேல் ஏறி, இறங்கி, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்குப் போவார். சுற்றுவட்டாரப் பெருமாள்களும் அங்கே வந்து சேர்வார்கள். மலையேற்றம், ஆற்றுமணல், திறந்தவெளிச் சாப்பாடு எல்லாம் அந்த ஒரு நாளில் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கே வரும்போது நாம் செய்வது என்ன? கொசு, தூசி, தண்ணீர் சேராது என்று ஏசி அறையில் பூட்டிவைத்து, காந்தி ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பிறகு அதுகளுக்கு ஊர் பிடிக்கவில்லை என்று வருத்தப்படுகிறோம். சனிக்கிழமை தோறும் வெட்டவெளியில் ஓடிப் பழகிய பிள்ளைக்கு ஏசி அறை எந்த ஊரில் இருந்தாலும் பிடிக்காது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். அங்கே போகிறவர்கள் பெட்டியில் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் குறைத்துவிட்டு, இங்கேயே ஒரு மாதம் போட்டுப் பழகிய நல்ல ஷூ ஒரு ஜோடி வையுங்கள். புடவைக்கு அது பொருந்தவில்லை என்று யாரும் பார்க்கப் போவதில்லை. பார்த்தாலும் மைதானத்தில் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள், நம் சம்பந்தியைத் தவிர.

இங்கே வரச்சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் தேதியைப் பார்த்துக் கூப்பிடுங்கள். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி கடைசி வரை கோடை விடுமுறை. பார்வேட்டை அதற்குள்தான் வருகிறது. வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு போகிற பஸ்ஸே பழையசீவரத்தில் நிற்கும். பிள்ளைகளை விடியற்காலையிலேயே எழுப்பிவிடுங்கள். மலையடிவாரத்தில் செருப்பை விட்டுவிட்டு ஏறச் சொல்லுங்கள், அவர்கள் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
பிள்ளையார்பாளையத்துப் பாட்டி ஒருத்தி